மதகைப் பிடித்திருப்பவர் யார்? சிறுமூளை வளர்ச்சியைப் படிக்கப் புதிதாக வருவோருக்கு

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறையில் என் வீட்டு முன்னறையில் சாயங்காலம் டியூஷன் எடுக்கிறேன். வேலந்தாவளத்திலிருந்து வரும் ஒரு பெண், பத்தாவது வரை தமிழ் மீடியம், இப்போது எம்எஸ்சி விலங்கியல். போன மாதம் மூன்று ஆய்வுக் கட்டுரைகளை அச்செடுத்துக் கொண்டுவந்து மேசையில் போட்டாள். "டீச்சர், சிறுமூளையில ஏற்பிகள்னு புராஜெக்ட் குடுத்துட்டாங்க. எல்லாப் பக்கமும் எழுத்தும் நம்பருமாத்தான் இருக்கு. ஒண்ணும் ஒட்டல."

ஒட்டாததற்குக் காரணம் அவள் இல்லை. இந்தத் துறையைப் பெயர்களில் இருந்து தொடங்கினால் யாருக்குமே ஒட்டாது. பல வருடங்களுக்கு முன்னால் திருவனந்தபுரத்தில் ஒரு ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தபோது நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆறு மாதம் வீண். அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்த வரிசையை அப்படியே இங்கே எழுதுகிறேன். பிளஸ் டூ உயிரியல் நினைவில் இருந்தால் போதும்.

முதல் படி: கறிக்கடைக்குப் போங்கள்

வேடிக்கை இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடையில் ஓர் ஆட்டு மூளை வாங்குங்கள். தலையைப் பொதுவாக நடுவில் ஒரே வெட்டாக வெட்டிவிடுவார்கள், மூளை சிதைந்துபோகும். "பாய், மூளை உடையாம முழுசா எடுத்துக் குடுங்க" என்று முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். "கொழம்புக்கு எதுக்கும்மா முழுசு?" என்று கேட்பார். ஏதாவது சொல்லிச் சமாளியுங்கள்.

பச்சை மூளை தயிர் மாதிரி குழையும், கத்தி இறங்காது. உப்புப் போட்ட தண்ணீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து ஆறவிட்டால் பனீர் பதத்துக்கு வரும். பின்பக்கம், தண்டுவடம் கிளம்பும் இடத்துக்கு மேலே, குறுக்குக் குறுக்காகக் கோடு போட்டதுபோல் ஒரு சின்ன உருண்டை இருக்கும். அதுதான் சிறுமூளை. அதை இடது, வலது என்று சரிபாதியாகப் பிரிக்கும்படி நடுவில் வெட்டுங்கள். வெட்டிய முகத்தில் ஒரு மரம் தெரியும்: வெள்ளையாகத் தண்டும் கிளையும், அதைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் இலை. ஆய்வுக் கட்டுரைகளில் நீங்கள் பார்க்கப்போகும் படங்களில் பெரும்பாலானவை இந்த வெட்டுமுகம்தான். ஒரு தடவை கையால் வெட்டிப் பார்த்தவருக்கு, படத்தில் எது மேல், எது உள் என்று அப்புறம் குழம்பாது.

அந்தச் சாம்பல் இலைக்குள் எவ்வளவு கூட்டம் என்பதற்கு ஒரு கணக்கு. மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்புச் செல்கள்; அதில் சுமார் 6,900 கோடி சிறுமூளையில் மட்டும். எடையில் மூளையின் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும் ஓர் உறுப்புக்குள், எண்ணிக்கையில் ஐந்தில் நான்கு பங்கு. பெரும்பாலானவை ஒரே வகை: துகள் செல்கள். இவ்வளவு செல்லும் எங்கிருந்து வந்தன, எப்போது போதும் என்று நின்றன என்பதே நம் கேள்வி.

ஆனால் இந்தச் செல்களைப் பெருக்கித் தந்த தொழிற்சாலை உங்கள் ஆட்டு மூளையில் இருக்காது. வளர்ந்த மிருகத்தில் அது கலைந்துபோய்விடும். அடுத்த படி அதைப் பற்றி.

இரண்டாம் படி: காணாமல் போகும் ஓர் அடுக்கு

கருவில் சிறுமூளை முளைவிடும்போது, அதன் பின்விளிம்பில் ராம்பிக் லிப் என்ற ஓர் ஓரம் இருக்கிறது. ஏட்டோ1 என்ற மரபணு இயங்கும் முன்னோடிச் செல்கள் அங்கே பிறந்து, சிறுமூளையின் மேற்பரப்பில் நகர்ந்து போர்வைபோல் மூடுகின்றன. இந்தப் போர்வையின் பெயர் வெளித் துகள் அடுக்கு. முன்னோடி என்றால் இன்னும் நரம்புச் செல்லாக ஆகாத, பிரிந்து பிரிந்து பெருகும் செல்.

எலிக்குஞ்சில் பிறந்து ஒரு வாரம் ஆகும்போது பெருக்கம் உச்சத்தில் இருக்கும். அடுத்த ஒன்றிரண்டு வாரங்களில் செல்கள் பிரிவதை நிறுத்தி, நீளமான ஒரு வாலை விட்டுக்கொண்டே உள்ளே இறங்கி, உள் துகள் அடுக்கில் குடியேறுகின்றன. மேலே இருந்த போர்வை காலியாகிவிடும். மனிதரில் இந்த வேலை கர்ப்பத்தின் பிற்பாதியில் மும்முரமாகி, குழந்தை பிறந்து முதல் வயதிலும் தொடர்கிறது. கர்ப்பத்தின் 24-ஆவது வாரத்துக்கும் 40-ஆவது வாரத்துக்கும் இடையில் சிறுமூளையின் கன அளவு ஐந்து மடங்கு அளவுக்குக் கூடுகிறது. குறைமாதக் குழந்தை விஷயத்தில் மருத்துவர்கள் சிறுமூளையை உற்றுப் பார்ப்பதற்கு இது ஒரு காரணம்.

போர்வைக்குக் கீழே, ஒற்றை வரிசையில், கிளைவிரித்த பெரிய செல்கள் நிற்கின்றன. செக் விஞ்ஞானி புர்கின்ஜி 1837-இல் விவரித்ததால் அவர் பெயரே அவற்றுக்கு. மேலே முன்னோடிகள், கீழே புர்கின்ஜி: இந்த இரண்டையும் நோட்டில் வரைந்துவிட்டு மேலே படியுங்கள்.

மூன்றாம் படி: இரட்டை மறுப்பு

புதிதாக வருபவர்கள் விழும் குழி இது. அதனால் இங்கே நிதானமாகப் போவோம்.

முன்னோடிகளைப் பெருகச் சொல்வது யார்? 1999-இல் மூன்று ஆய்வுக் குழுக்கள் ஒரே வருடத்தில் ஒரே பதிலைச் சொல்லின: புர்கின்ஜி செல்கள் சுரக்கும் சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்ற புரதம். ஹெட்ஜ்ஹாக் என்றால் முள்ளெலி. இந்த மரபணு பழுதான பழ ஈயின் புழுவுக்கு உடம்பெல்லாம் முள் முளைத்ததால் வந்த பெயர். 1980-இல் அதைக் கண்டவர்கள் நுஸ்லைன்-ஃபோல்ஹார்டும் வீஷாஸும். 1995-இல் நோபல் பெற்றவர்களில் இருவரும் உண்டு. 'சோனிக்' வீடியோ கேமில் ஓடுகிற நீல முள்ளெலி. விஞ்ஞானிகளுக்கும் குசும்பு உண்டு.

இனி அந்தச் செய்தியை முன்னோடிச் செல் எப்படிக் கேட்கிறது? எங்கள் சித்தூர் தாலுகாக்காரர்களுக்கு இதை விளக்க எனக்கு ஒரு சுலப வழி இருக்கிறது. ஆழியாறு தண்ணீர் மணக்கடவு தாண்டி மூலத்தரைக்கு வந்து, அங்கே மதகின் ஷட்டர் திறந்தால்தான் நம் வாய்க்காலில் பாயும். பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் கேரளத்துக்கு வருடம் 7.25 டிஎம்சி. இதை இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை, டீக்கடையில் உட்கார்ந்தாலே காதில் விழும்.

அந்த ஷட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். ஷட்டரின் பெயர் ஸ்மூதன்டு. அதைத் திறக்கவிடாமல் ஓர் ஆள் எந்நேரமும் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். அவன் பெயர் பேட்ச்டு. இவன்தான் ஏற்பி, அதாவது செய்தி வந்து ஒட்டுவது இவன் மேல். சோனிக் வந்து ஒட்டியதும் ஆள் எழுந்து போய்விடுகிறான். பிடி விடுகிறது. ஷட்டர் திறக்கிறது. பாயும் தண்ணீர் க்ளி என்னும் புரதங்கள். (கிளி என்று எழுதினால் மாணவர்கள் பறவையை வரைந்துவிடுகிறார்கள், அதனால் க்ளி.) இவை செல்லின் கருவுக்குள் போய், என்-மிக், சைக்ளின் டி1 போன்ற மரபணுக்களை இயங்கவைக்கின்றன. செல் பிரிகிறது.

கவனியுங்கள், சோனிக் நேரடியாக எதையும் திறக்கவில்லை. மூடிவைத்திருந்தவனை எழுப்பிவிட்டது, அவ்வளவே. தடுப்பவனைத் தடுத்தால் அது அனுமதி. அம்புக்குறி வரையும்போது சோனிக்கிலிருந்து பேட்ச்டுக்கு ஒரு தடுப்புக்கோடு, பேட்ச்டிலிருந்து ஸ்மூதன்டுக்கு இன்னொரு தடுப்புக்கோடு போடுங்கள். 'ஏற்பி தூண்டப்பட்டது' என்று மொட்டையாக எழுதிவைத்தால் பின்னால் எல்லாமே தலைகீழாகும்.

ஷட்டர் உவமை இரண்டு இடத்தில் நொண்டும், அதையும் சொல்லிவிடுகிறேன். ஒன்று, பேட்ச்டு ஸ்மூதன்டைத் தொட்டுப் பிடிப்பதில்லை; கொலஸ்ட்ரால் போன்ற கொழுப்பு மூலக்கூறுகள் அதற்கு எட்டாமல் பார்த்துக்கொள்கிறது. இரண்டு, ஷட்டர் மூடியிருக்கும்போது க்ளி சும்மா இருப்பதில்லை. அதன் சில வகைகள் கத்தரிக்கப்பட்டு, அதே மரபணுக்களை அடக்கும் வேலையைச் செய்கின்றன. தண்ணீர் அப்படிச் செய்யாது.

இதெல்லாம் நடக்கும் இடமும் முக்கியம். செல்லின் மேல் ஒற்றை மயிர்போல் நீட்டிக்கொண்டிருக்கும் முதன்மைக் குறுயிழைதான் மேடை. சோனிக் வந்தால் பேட்ச்டு அதிலிருந்து வெளியேறும், ஸ்மூதன்டு உள்ளே ஏறும். குறுயிழை உருவாகாதபடி மரபணுவை மாற்றிய எலிகளில் போர்வை சரியாகப் பெருகவில்லை. சோனிக் இருந்தும் கேட்கக் காது இல்லை.

ஒரு பொறி மட்டும் சொல்லிவிடுகிறேன். க்ளி இயக்கும் மரபணுக்களில் பேட்ச்டுவின் மரபணுவும் ஒன்று. தண்ணீர் அதிகம் பாய்ந்தால், மூடுவதற்கு இன்னும் நாலு ஆளை அனுப்புவதுபோல். ஆகவே ஒரு கட்டுரையில் 'பேட்ச்டு1 ஆர்என்ஏ கூடியது' என்று பார்த்தால், பாதை அடைபட்டது என்று எண்ணிவிடாதீர்கள். பெரும்பாலும் அது பாதை திறந்திருக்கிறது என்பதற்கான அடையாளம்.

நான்காம் படி: பக்கத்தில் இருப்பவன் ஏன் நிற்கிறான்?

என் மாணவி இந்த இடத்தில் கேட்ட கேள்விக்காகவே அவளுக்கு இன்னொரு டீ போட்டேன். "டீச்சர், சோனிக் கீழே இருந்துதானே வருது? அப்ப புர்கின்ஜிக்குப் பக்கத்துல இருக்கறதுதானே ஜாஸ்தி பிரியணும்?"

நடப்பது நேர் எதிர். போர்வையைப் பாதியாகப் பிரித்தால், தூரத்தில், மேற்பரப்பை ஒட்டிய வெளிப்பாதியில்தான் செல்கள் பிரிகின்றன. புர்கின்ஜிக்கு அருகில் உள்ள உள்பாதியில் நிறுத்திவிடுகின்றன. கடைமடைக்குத் தண்ணீர் பாய, தலைமடை காய்கிற மாதிரி. நம் ஊர் வாய்க்காலில் நடக்காத காரியம்.

அப்படியானால் ஒரு செய்தி மட்டும் போதாது. செல் பல காதுகளால் கேட்கிறது. மேலே, மூளையைச் சுற்றிய உறையிலிருந்து சிஎக்ஸ்சிஎல்12 என்ற புரதம் வருகிறது. அதைப் பிடிக்கும் ஏற்பி, முன்னோடிகளில் இருக்கும் சிஎக்ஸ்சிஆர்4. இது செல்லை மேற்பரப்போடு பிடித்துவைக்கிறது, சோனிக்கின் பெருக்க வேலைக்கும் கை கொடுக்கிறது. 1998-இல் இந்த ஏற்பி இல்லாத எலிகளைப் பார்த்தபோது, முன்னோடிகள் காலம் வருமுன்பே உள்ளே இறங்கிவிட்டிருந்தன. உறையை ஒட்டியிருக்கும் லேமினின் என்ற புரதத்தை இன்டெக்ரின் என்ற ஏற்பிகள் பற்றிக்கொள்வதும் இதே பக்கம் சேரும். நாட்ச்2 ஏற்பி, 'நீ இன்னும் முன்னோடிதான்' என்று நினைவூட்டிக்கொண்டே இருக்கும். இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணி, அதாவது ஐஜிஎஃப், அதன் ஏற்பி வழியாக என்-மிக் புரதம் சீக்கிரம் சிதையாமல் காக்கிறது.

எதிர்ப்பக்கத்தில் பிஎம்பி என்ற புரதங்கள் கொண்டுவரும் செய்திகள். இவை ஏட்டோ1 புரதத்தைச் சிதைத்து, சோனிக் எவ்வளவு கத்தினாலும் செல் காதில் வாங்காதபடி செய்கின்றன. பிஏசிஏபி என்ற சிறு புரதம், தன் ஏற்பி வழியாகச் செல்லுக்குள் பிகேஏ நொதியை முடுக்கிவிடும். அது க்ளியை அடக்கும். செல் உள்பாதிக்கு இறங்கி முதிரும்போது குறுயிழையும் மறைகிறது. காதைக் கழற்றி வைத்தாயிற்று.

இத்தனை பெயரையும் மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. நோட்டில் ஒரு பக்கத்தை மூன்றாகப் பிரியுங்கள்: சொன்னவர், கேட்டவர், கேட்டதும் யாருடைய பிடி விட்டது அல்லது இறுகியது. புதிதாக ஏதாவது ஏற்பியின் பெயர் கண்ணில் பட்டால் இந்த மூன்றையும் நிரப்பாமல் அடுத்த பத்திக்குப் போகாதீர்கள்.

ஐந்தாம் படி: படத்தை முதலில் பாருங்கள்

கட்டுரையை முன்னுரையிலிருந்து வாசிப்பது நல்ல பழக்கம்தான். தொடக்கத்தில் மட்டும் அதை விட்டுவிட்டு, நேராகப் படத்துக்குப் போங்கள்.

நீல நிறம் தெரிந்தால் அது டாப்பி சாயமாக இருக்கும். எல்லாச் செல்லின் கருவையும் காட்டும். ஈடியூ என்பது டிஎன்ஏ-வின் ஒரு போலிச் செங்கல். அதை எலிக்கு ஊசியில் கொடுத்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் பார்த்தால், அப்போது டிஎன்ஏ-வை நகலெடுத்துக்கொண்டிருந்த செல்கள் மட்டும் ஒளிரும். கி-67 பிரிவுச் சுழற்சியில் இருக்கும் எல்லாவற்றையும் காட்டும். ஈடியூ கொடுத்து ஒரு நாள் கழித்து, ஈடியூ இருந்தும் கி-67 இல்லாத செல்களை எண்ணினால், நேற்றுப் பிரிந்து இன்று ஓய்ந்தவை எத்தனை என்று கிடைக்கும். கால்பின்டின் சாயம் புர்கின்ஜியைக் காட்டும்.

போர்வை மெலிந்திருக்கிறது என்று ஒரு படம் சொன்னால் உடனே 'பெருக்கம் குறைவு' என்று எழுதக் கை துறுதுறுக்கும். பொறுங்கள். பிரிவது குறைந்திருக்கலாம், சீக்கிரமே ஓய்ந்து இறங்கியிருக்கலாம், செத்தும் போயிருக்கலாம். மூன்றுக்கும் தனித்தனிச் சாயம் போட்டார்களா என்று தேடுங்கள்.

நான் செய்த கூத்து இது. ஆய்வகத்தில் இருந்தபோது, மருந்து கொடுத்த எலிக்குஞ்சுகளில் போர்வை தடித்திருப்பதாக மூன்று வாரம் எண்ணிக் கணக்குப் போட்டேன். தலைமை ஆய்வாளரிடம் பெருமையாகக் கொண்டுபோனேன். அவர் ஒரே ஒரு ஸ்லைடைப் பார்த்துவிட்டு, "புர்கின்ஜி எத்தனை வரிசை தெரியுது?" என்றார். மூன்று வரிசை தெரிந்தது. இருக்க வேண்டியது ஒன்று. வெட்டு சாய்வாக விழுந்திருக்கிறது. வாழைத்தண்டைச் சாய்த்து அரிந்தால் வில்லை பெரிதாகத் தெரியுமே, அந்தக் கதை. மூன்று வாரமும் குப்பை. அன்றிலிருந்து எந்தப் படத்திலும் முதலில் புர்கின்ஜி வரிசையைத்தான் பார்க்கிறேன். அப்புறம், ஒப்பிடும் குஞ்சுகளுக்கு ஒரே வயதா, ஒரே மடிப்பில்தான் எண்ணினார்களா. இந்த வயதில் இரண்டு நாள் வித்தியாசம் பெரிய வித்தியாசம்.

செல்களைத் தனியே எடுத்துத் தட்டில் வளர்க்கும் சோதனைகளும் வரும். ஐந்து முதல் ஏழு நாள் வயதுக் குஞ்சிலிருந்து முன்னோடிகளைப் பிரித்து, ஒரு தட்டில் சோனிக் சேர்ப்பார்கள், இன்னொன்றில் சேர்க்கமாட்டார்கள். சேர்க்காத தட்டில் ஓரிரு நாளில் பெருக்கம் படுத்துவிடும். சுத்தமான சோதனை. ஆனால் தட்டில் மூளை உறையும் இல்லை, மேல் கீழும் இல்லை. நான்காம் படியின் கேள்விக்கு அதில் முழுப் பதில் கிடைக்காது.

ஆறாம் படி: பிடி விட்டுப்போனால்

சக்கரத்தைப் பிடிக்கும் ஆளே இல்லை என்று வையுங்கள். பேட்ச்டு1 மரபணுவின் ஒரு பிரதி பழுதாகப் பிறப்பவர்களுக்கு கோர்லின் நோய்க்குறி. தோல் புற்றுநோய்க்கும், குழந்தைப் பருவத்தில் மெடுல்லோபிளாஸ்டோமா என்ற சிறுமூளைப் புற்றுக்கும் வாய்ப்பு கூடுகிறது. 1997-இல் ஒரு பிரதி மட்டும் நீக்கிய எலிகளிலும் இதே புற்று வந்தது. இந்தப் புற்றின் நான்கு முக்கிய வகைகளில் ஒன்றுக்கு சோனிக் ஹெட்ஜ்ஹாக் வகை என்றே பெயர். நிற்க வேண்டிய முன்னோடி நிற்காததால் வந்தது.

சரி, ஷட்டரையே பூட்டினால்? அதற்கும் ஒரு கதை உண்டு. 1950-களில் அமெரிக்காவின் ஐடஹோவில் ஒற்றைக் கண்ணோடு செம்மறிக் குட்டிகள் பிறந்தன. கர்ப்பமான ஆடுகள் மேய்ந்த ஒரு காட்டுச் செடியே காரணம். அதிலிருந்து பிரித்த சைக்ளோபமைன், ஸ்மூதன்டில் ஒட்டி அதை அடக்குகிறது என்பது பிறகு தெரிந்தது. அதே ஸ்மூதன்டைப் பூட்டும் விஸ்மோடெகிப் 2012-இல் அமெரிக்காவில் ஒரு தோல் புற்றுக்கு அனுமதி பெற்றது. வளரும் குழந்தைக்கு இதைக் கொடுத்தால் எலும்பு நீளும் முனைகள் காலத்துக்கு முன்பே மூடிக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஒரே செய்தி பல உறுப்புகளில் பேசினால் இதுதான் சங்கடம்.

இன்னொன்று: உடைப்பு ஷட்டருக்குக் கீழே, வாய்க்கால் கரையில் இருந்தால் ஷட்டரைப் பூட்டி என்ன பயன்? ஸ்மூதன்டுக்குக் கீழே க்ளியை அடக்கிவைக்கும் சூஃபு என்ற புரதம் பழுதானால், இந்த மருந்துகள் வேலை செய்வதில்லை. எங்கே உடைந்தது என்று பார்த்துத்தான் மருந்து.

எல்லாப் பழுதும் புற்றாக முடிவதில்லை. தைராய்டு ஹார்மோன் செல்லின் கருவுக்குள் இருக்கும் ஏற்பிகளில் ஒட்டும். அது குறைந்த எலிக்குஞ்சுகளில் போர்வை கலைவதே தாமதமாகிறது. பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுக்கும்போது அம்மாக்கள் பதறுகிறார்கள். அந்தச் சொட்டில் பார்ப்பவற்றில் தைராய்டும் ஒன்று. குறை தெரிந்தால் மாத்திரையை உடனே தொடங்க வேண்டும்.

கடைசிப் படி: நோட்டை மூடுமுன்

என் மாணவிக்குக் கொடுத்த மூன்று கேள்விகளை உங்களுக்கும் தருகிறேன். வரைந்து பதில் சொல்லுங்கள், வாயால் வேண்டாம். பேட்ச்டு இல்லாத செல்லுக்கு சோனிக் கொடுத்தால் என்ன மாறும்? சூஃபு பழுதான செல்லுக்கு விஸ்மோடெகிப் கொடுத்தால்? குறுயிழையே இல்லாத முன்னோடியில் பேட்ச்டையும் நீக்கினால்?

முதல் இரண்டையும் அவள் பேனாவை எடுக்காமலே போட்டுவிட்டாள்: ஒன்றும் மாறாது, ஒன்றும் மாறாது. மூன்றாவதற்கு ஷட்டரை வரைந்து, ஆளைக் கோடு போட்டு அடித்து, கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் ஷட்டர் நின்றிருந்த மேடையையும் ரப்பரால் அழித்துவிட்டு நோட்டைத் திருப்பிக் காட்டினாள். "ஏறி நிக்க இடமே இல்லையே டீச்சர், ஸ்மூதன்டு எங்க போய் வேலை செய்யும்?"

அந்தப் பக்கத்தைக் கிழித்து வாங்கி வைத்திருக்கிறேன், அடுத்த வருடம் வருகிறவர்களுக்குக் காட்ட.